எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கே! ப்ளூஸ் கேட்கத் தொடங்குபவருக்கு

ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை முதல் தடவை கேட்கிறவர்கள் அரை மணி நேரத்துக்குள் ஒரு புகார் சொல்வார்கள்: "என்னப்பா, எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு?" நானும் அதையேதான் சொன்னேன். விடுதியில் பக்கத்து அறைக்காரர் பி.பி. கிங் என்ற ப்ளூஸ் கிட்டார்க்காரரின் கேசட் ஒன்றை ஒரு வாரம் விடாமல் ஓடவிட்டார். மூன்றாம் பாட்டுக்கும் ஏழாம் பாட்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பாட்டுகள் பலவும் உண்மையிலேயே ஒரே மாதிரிதான். ஒரே அளவு, ஒரே மூன்று கார்ட் (சேர்ந்தாற்போல் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), ஒரே வரிசை. குறள் வெண்பா என்றால் ஏழு சீர்தான், அதில் யாரும் குறை கண்டுபிடிப்பதில்லை. ஏழு சீருக்குள் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கிறோம். ப்ளூஸையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அதனால் ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தச் சட்டத்தை, அதாவது பாட்டின் கட்டமைப்பை, கொஞ்சம் பார்த்துவிடலாம். பத்து நிமிடம் போதும். இசைப் படிப்பு எதுவும் வேண்டாம்.

12 பார் என்றால் என்ன?

தொடையில் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணுங்கள். இந்த நான்கு சேர்ந்தது ஒரு பார். இப்படி 12 பார் ஓடினால் ஒரு சுற்று முடிந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாட்டு முழுக்க இந்தச் சுற்றுதான். பல்லவிக்கு ஒரு மெட்டு, சரணத்துக்கு ஒரு மெட்டு என்பதெல்லாம் பெரும்பாலும் கிடையாது.

இந்த 12 பாருக்குள் மூன்றே கார்ட். நமக்குப் பழகிய ஸ்வரப் பெயரில் சொன்னால் ச, ம, ப. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கார்ட் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 4 பார் ச. அடுத்த 2 பார் ம. திரும்ப 2 பார் ச. அப்புறம் ப-வில் ஒரு பார், ம-வில் ஒரு பார், கடைசி 2 பார் ச. ச என்பது வீடு, ம என்பது தெருமுனை, ப என்பது ஊர் எல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். முதலில் வீட்டிலேயே இருக்கிறோம். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புகிறோம். அப்புறம் ஒரே மூச்சில் எல்லை வரை போய், முனை வழியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இதன் மேல்தான் பாட்டு வரிகள் உட்காரும். வரிகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 4 பார். முதல் வரியைச் சொல்வார்கள். அதையே இன்னொரு தடவை சொல்வார்கள். மூன்றாவது வரியில் அதற்குப் பதிலோ, குத்தலோ, நொடிப்போ வரும். அச்சாக இந்த அமைப்பில் நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

ரயிலு போயிருச்சு, தண்டவாளம் இன்னும் சூடா இருக்கு,
ஐயோ, ரயிலு போயிருச்சு, தண்டவாளம் இன்னும் சூடா இருக்கு,
என்னை வேணாமுன்னு போனவளுக்கு எம் பொட்டி மட்டும் எதுக்கு?

கவிதை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரி ச-வின் மேல் போகிறது. அதே வரி இரண்டாம் தடவை வரும்போது அடியில் இருப்பது ம. வார்த்தை மாறவில்லை, தரை மாறிவிட்டது. முதல் தடவை தகவலாகக் காதில் விழுந்தது இப்போது வருத்தமாக விழுகிறது. மூன்றாம் வரி ப-விலிருந்து இறங்கி வீட்டில் போய் முடிகிறது. ஒரு வரியை இரண்டு தடவை சொல்வது சோம்பேறித்தனம் இல்லை என்பது இதைப் பாடிப் பார்த்தால்தான் தெரியும். மேடையில் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுகிறவருக்கு அடுத்த வரியை யோசிக்க அவகாசமும் அதில் கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு பாரையும் பாடகர் எடுத்துக்கொள்வதில்லை. சுமார் இரண்டு பாரில் வரியை முடித்துவிடுவார். மிச்சம் கிட்டாருக்கு, அல்லது பியானோவுக்கு, மவுத் ஆர்கனுக்கு. குரல் கேட்கும், வாத்தியம் பதில் சொல்லும். வயலில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிய வேலைப்பாட்டிலிருந்தும், கறுப்பினத்தவர் தேவாலயங்களில் போதகரும் சபையும் மாறி மாறிக் குரல் கொடுத்ததிலிருந்தும் வந்த வழக்கம் இது. தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவருக்குச் சபை கிடையாது. அந்த வேலையைக் கிட்டார் செய்தது.

பியானோவில் இல்லாத ஸ்வரம்

சட்டம் புரிந்தது, சரி. அதை வைத்து மட்டும் வாசித்தால் பள்ளிக்கூட மணி மாதிரி இருக்கும். ப்ளூஸுக்கு அந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது? காந்தாரத்தில் இருந்து. கர்நாடக இசை கேட்பவர்களுக்குச் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் இரண்டும் தெரியும். ப்ளூஸ் பாடகர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பார், அல்லது ஒன்றிலிருந்து மற்றதுக்கு வழுக்குவார். நிஷாதத்திலும் இதே விளையாட்டு உண்டு, பஞ்சமத்திலும் சில சமயம். இவற்றைத்தான் ப்ளூ நோட் என்கிறார்கள். கமகத்தில் ஊறிய காதுக்கு இதில் அதிசயமில்லை. ஐரோப்பிய ஸ்வரவரிசையில் வளர்ந்த காதுக்குத்தான் இது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கிறது.

பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. பியானோக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் ஒன்றாக நசுக்கி ஒப்பேற்றினார்கள். கிட்டாரில் தந்தியை விரலால் தள்ளி வளைக்கலாம். இல்லையென்றால் பாட்டில் கழுத்தை உடைத்து, முனையைத் தேய்த்து விரலில் மாட்டிக்கொண்டு தந்தி மேல் இழுக்கலாம். இதுதான் ஸ்லைடு. பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற டெக்சாஸ்காரர் 1927-இல் பதிவு செய்த ஒரு பக்திப் பாட்டில் வார்த்தையே இல்லை. முனகுகிறார், ஸ்லைடு கூடவே முனகுகிறது. அவ்வளவுதான். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்கத் தட்டில் அந்தப் பாட்டும் இருக்கிறது. அதைப் பாடிய கண் தெரியாத மனிதர் 1945-இல் வறுமையில் இறந்துபோனார்.

பி.பி. கிங்குக்கு ஸ்லைடு வாசிக்க வரவில்லை. அவர் அம்மா வழிச் சொந்தக்காரர் புக்கா வைட் ஸ்லைடில் பேர்போனவர். அந்த ஒலியை வெறும் விரலில் கொண்டுவர முயன்று, தந்தியை அழுத்திய இடத்திலேயே மணிக்கட்டை உதறி உதறி ஓர் அதிர்வைப் பிடித்தார் கிங். இன்றைக்கு உலகத்தில் மின் கிட்டார் வாசிக்கிற பாதிப் பேர் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நடுக்குவது அவரைப் பார்த்துத்தான். வராத ஒன்றுக்கு மாற்றாகக் கண்டுபிடித்தது, அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது.

பருத்தியும் கடன் நோட்டும்

மிசிசிப்பி டெல்டா என்றதும் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் என்று நினைத்துவிடுவோம். அது இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற தட்டையான பூமி. வண்டல் படிந்து பருத்திக்கென்றே அமைந்த மண். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. விடுதலையானவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதார்கள். விதை, மாவு, துணி எல்லாம் முதலாளியின் கடையில் கடனுக்கு. அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு நோட்டு முதலாளி கையில். ஒவ்வொரு வருஷமும் பாக்கி இவர்கள் பக்கமே நிற்கும். ஊரை விட்டுப் போவதைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் இத்தனை ப்ளூஸ் பாட்டுகள் ஏன் என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள்.

இசை எப்போது பிறந்தது என்று தேதி குறிக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் என்று பொதுவாகச் சொல்வார்கள். கையில் கிடைக்கிற பழைய சாட்சியங்களில் ஒன்று டபிள்யூ.சி. ஹேண்டி எழுதியது. அவர் படித்த இசைக்காரர், பேண்டு வாத்தியக் குழு நடத்தியவர். 1903 வாக்கில் டட்வைலர் என்ற சின்ன ஊரின் ரயில் நிலையத்தில், வராத ரயிலுக்குக் காத்திருந்து தூங்கிப்போனார். கண்விழித்தால் பக்கத்தில் கந்தல் உடுத்திய ஒருவர் கிட்டார் தந்தி மேல் கத்தியை அழுத்தி இழுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஊருக்குப் போகப்போவதாக ஒரே வரியை மூன்று தடவை பாடினார். தான் அதுவரை கேட்டதிலேயே விசித்திரமான இசை அது என்று ஹேண்டி பிற்பாடு எழுதினார். மூன்று தடவையும் ஒரே வரி என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது வரியில் பதில் சொல்லும் அமைப்பு எல்லோரிடமும் இன்னும் நிலைக்கவில்லை. அந்த மனிதரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஹேண்டி 1912-லும் 1914-லும் ப்ளூஸ் பாட்டுகளை நோட்டாக அச்சிட்டு வெளியிட்டு, ப்ளூஸின் தந்தை என்று பெயர் எடுத்தார். கேட்டவருக்குப் பெயர், பாடியவருக்கு ஒன்றுமில்லை. இந்தக் கதை இதோடு நிற்கவில்லை, இன்னும் வரும்.

முதலில் பாடியவர்கள் பெண்கள்

ப்ளூஸ் என்றாலே தனியாக ஒரு ஆண், ஒரு கிட்டார், ஒரு புழுதி ரோடு என்று படம் போட்டு வைத்திருக்கிறோம். இசைத்தட்டில் முதலில் வந்தவர்கள் பெண்கள். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஓக்கே நிறுவனத்துக்கு மேமி ஸ்மித் பாடியதுதான் கறுப்பினப் பாடகர் ஒருவர் பாடிப் பதிவான முதல் ப்ளூஸ் என்று கணக்கு. அது விற்ற வேகத்தைப் பார்த்துத்தான், கறுப்பினத்தவரும் தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. உடனே தனி வரிசையாகப் போட்டு "ரேஸ் ரெக்கார்ட்ஸ்" என்று பெயர் வைத்தார்கள், இனத் தட்டுகள் என்று.

அந்த வரிசையின் ராணி பெஸ்ஸி ஸ்மித். மைக் இல்லாமலே கொட்டகையை நிரப்பும் குரல். 1925-இல் ஹேண்டியின் "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" பாட்டை அவர் பாட, லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் கார்னெட் என்ற ட்ரம்பெட் மாதிரியான ஊதுகருவியை வாசித்தார். ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் கார்னெட் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். கேள்வி பதில் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. (12 பார் எண்ணிக்கொண்டே வந்தால் நடுவில் ஓரிடத்தில் தப்பும். ஹேண்டி அங்கே 16 பாருக்கு டாங்கோ தாளத்தை நுழைத்திருக்கிறார்.) பெஸ்ஸி 1937-இல் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் கார் விபத்தில் இறந்தார். 33 வருஷம் அவர் கல்லறைக்குக் கல் இல்லை. 1970-இல் ஜானிஸ் ஜாப்ளின் என்ற ராக் பாடகியும், சின்ன வயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை பார்த்த ஹுவானிட்டா கிரீனும் சேர்ந்து காசு போட்டுக் கல் நட்டார்கள்.

ராபர்ட் ஜான்சன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றுக்கொண்டார் என்பார்கள். 1936-லும் 1937-லும் டெக்சாஸில் இரண்டே தடவை பதிவுக்கு உட்கார்ந்து 29 பாட்டுகள் கொடுத்து, 1938-இல் 27 வயதில் இறந்துபோனவர். கட்டைவிரல் அடித்தந்தியில் தாளத்தை ஓட்ட, மற்ற விரல்கள் மேலே வேறு கதை சொல்லும். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் முதன்முதலில் இதைக் கேட்டபோது, கூட வாசிக்கிற இன்னொருவர் யார் என்று கேட்டாராம். சாத்தானெல்லாம் ஒன்றுமில்லை. ஐக் ஸிம்மர்மன் என்றொரு வாத்தியார் இருந்தார். இரவில் தொந்தரவு இல்லாத இடமென்று கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து இருவரும் சாதகம் செய்திருக்கிறார்கள். ஒரு கறுப்பின இளைஞன் மாதக்கணக்கில் உழைத்துக் கற்றான் என்பதைவிடப் பேயிடம் வாங்கினான் என்பதை நம்புவது பலருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ரயில் ஏறிய இசை

இருபதாம் நூற்றாண்டில் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின அமெரிக்கர்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். டெல்டாக்காரர்களுக்கு இல்லினாய் சென்ட்ரல் ரயில் நேராகச் சிகாகோவுக்குப் போனது.

அப்படி 1943-இல் போனவர்தான் மக்கின்லி மார்கன்ஃபீல்ட். ப்ளூஸ் உலகம் அவரை மட்டி வாட்டர்ஸ் என்றுதான் அறியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1941-இல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு ஆலன் லோமாக்ஸ் ஸ்டோவால் பண்ணைக்கு வந்தார். மட்டி அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் குடிசையிலேயே கருவியை வைத்துப் பதிவு செய்தார்கள். கொஞ்ச நாளில் தபாலில் தட்டின் இரண்டு பிரதிகளும் 20 டாலர் காசோலையும் வந்தன. மட்டி தட்டை எடுத்துக்கொண்டு போய் முக்குக்கடையில் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸில் போட்டார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். தன்னால் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாகப் பிற்பாடு சொன்னார். இருபத்தெட்டு வயது வரை பாடியவருக்குத் தன் குரல் வெளியே எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது!

சிகாகோவின் தென்பகுதி மதுக்கூடங்களில் சாதாரண கிட்டார் எடுபடவில்லை. சனிக்கிழமை இரவு, சம்பளம் வாங்கிய கூட்டம், சத்தம். மட்டி மின் கிட்டாருக்கு மாறினார். அவர் குழுவில் இருந்த லிட்டில் வால்டர், மவுத் ஆர்கனையும் மலிவு மைக்கையும் ஒரே கைக்குள் பொத்திப் பிடித்து ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக ஊதினார். சுருதி கிழிந்து கரகரவென்று வந்தது. ரிப்பேர் என்று யாரும் நினைக்கவில்லை, அதுதான் வேண்டும் என்றார்கள். போலந்திலிருந்து வந்த யூதச் சகோதரர்கள் லியனார்டும் ஃபில்லும் நடத்திய செஸ் நிறுவனம் இவற்றைத் தட்டாக்கியது. பாட்டு எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாஸ் வாத்தியக்காரர் வில்லி டிக்சன். 1954-இல் மட்டிக்காக எழுதிய "ஹூச்சி கூச்சி மேன்" பாட்டில் முதல் 4 பாரை இழுத்து 8 ஆக்கிவிட்டார். தாளம் நின்று நின்று அடிக்க, நடுவில் மட்டி பெருமையடித்துக்கொண்டே போவார். வீட்டு வாசலிலேயே கூடுதல் நேரம் நின்றுவிட்டு அப்புறம் தெருவில் இறங்குகிற மாதிரி இருக்கும். சட்டம் தெரிந்த காதுக்குத்தான் அந்தக் காத்திருப்பின் ருசி பிடிபடும்.

ஆர் அண்ட் பி என்பது எது?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். "இனத் தட்டுகள்" என்ற பெயர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அசிங்கமாகத் தெரிந்தது. பில்போர்ட் பத்திரிகையில் அப்போது வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்ன மாற்றுப் பெயர் "ரிதம் அண்ட் ப்ளூஸ்". 1949 ஜூனில் விற்பனைப் பட்டியலின் தலைப்பு அப்படி மாறியது. ஆக, ஆர் அண்ட் பி என்பது முதலில் ஓர் இசை வகையின் பெயரே இல்லை. கறுப்பினத்தவர் வாங்கும் தட்டுகளுக்கான கடைப் பெயர். அந்தப் பட்டியலே 1969-இல் "சோல்" ஆகி, 1982-இல் "பிளாக்" ஆகி, 1990-இல் மறுபடி ஆர் அண்ட் பி ஆனது. இன்றைக்கு அந்தப் பெயரில் நீங்கள் கேட்கும் மென்மையான பாட்டுக்கும் 1949-இன் பாட்டுக்கும் ஒலியில் சம்பந்தம் குறைவு என்றால் காரணம் இதுதான்.

அந்தக் காலத்து ஆர் அண்ட் பிக்கு என்று ஒரு வாசனை இருந்தது, இல்லாமல் இல்லை. பெரிய ஜாஸ் குழுக்களைச் சுருக்கி ஐந்தாறு பேராக்கினார் லூயிஸ் ஜோர்டன் என்ற சாக்ஸபோன்காரர். வேகத்தைக் கூட்டினார், வரிகளில் கேலியைச் சேர்த்தார். அந்தப் பட்டியலில் அவருக்கு முதலிடம் போன பாட்டுகள் மட்டும் 18. அடியில் இருந்தது பெரும்பாலும் அதே 12 பார். ஆனால் டிரம்ஸ் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் அழுத்தி அடித்தது. நீங்கள் தொடையில் தட்டியபோது அநேகமாக ஒன்றில்தான் அழுத்தியிருப்பீர்கள். இரண்டிலும் நான்கிலும் கை தட்டிப் பாருங்கள், உட்கார்ந்திருக்க முடியாது. பேக்பீட் என்பது அதுதான். டெல்டா ப்ளூஸ் சொன்ன அதே சோகத்தை இவர்கள் ஆடிக்கொண்டே சொன்னார்கள்.

1951-இல் ஐக் டர்னரின் குழு மெம்ஃபிஸுக்குப் பதிவுக்குப் போகும் வழியில் கிட்டார் ஆம்ப் அடிபட்டது. ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள். கிட்டார் தேனீ மாதிரி ரீங்கரித்தது. ஸ்டுடியோக்காரர் சாம் ஃபிலிப்ஸுக்கு அது பிடித்துப்போய் அப்படியே பதிவு செய்தார். "ராக்கெட் 88" என்ற அந்தப் பாட்டுதான் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் ஃபேட்ஸ் டோமினோ 1949-லேயே செய்துவிட்டார் என்று மற்ற கட்சி சொல்லும். நான் எந்தப் பக்கமும் இல்லை. சக் பெர்ரி 1955-இல் செஸ் நிறுவனத்துக்கு வந்தபோது இசையின் பெயர் ராக் அண்ட் ரோல் என்று மாறிவிட்டிருந்தது, சட்டம் மாறவில்லை. அவருடைய "ஜானி பி. குட்" பாட்டை எண்ணிப் பாருங்கள், 12 பார்தான்.

1954-இல் ரே சார்ல்ஸ் இன்னொரு கதவைத் திறந்தார். தேவாலயப் பாட்டின் மெட்டில் காதலிக்கு வரி போட்டார். தேவாலய ஊழியக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், சோல் என்ற இசை வகை பிறந்தது. ஜேம்ஸ் பிரவுன் 1965-இல் எல்லோரையும் குழப்புவது போல ஒன்று செய்தார். சட்டம் பழைய 12 பார். அழுத்தம் மட்டும் இரண்டிலிருந்து மறுபடி ஒன்றுக்கு வந்துவிட்டது. ஃபங்க் என்ற இசை வகை அங்கிருந்து கிளம்புகிறது.

தட்டு ஓடியது, காசு வரவில்லை

பிக் மாமா தார்ன்டன் 1952-இல் பதிவு செய்த "ஹவுண்ட் டாக்" மறு வருஷம் ஆர் அண்ட் பி பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1956-இல் வெள்ளையரான எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடிய பிறகு பாட்டே அவருடையது என்று உலகம் நினைத்துக்கொண்டது. தார்ன்டன் பாடியதைக் கேளுங்கள். ஏமாற்றுக்காரனைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கிற பெண்ணின் குரல் அது. பிரெஸ்லியிடம் வரும்போது வரிகள் மாறி, அது நிஜ நாயைப் பற்றிய பாட்டாகிவிட்டது.

அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தை "ரூத் கட்டிய வீடு" என்பார்கள். 1950-களில் பாடகி ரூத் பிரவுனின் தட்டுகள் அந்த அளவுக்கு விற்றன. அதே ரூத் பிரவுன் பின்னாளில் வீட்டு வேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். பதிவுச் செலவையெல்லாம் கலைஞர் கணக்கில் கடனாக எழுதிக்கொண்டே போனால் ராயல்டி (விற்பனையில் பங்கு) எப்படி வரும்? டெல்டாவின் பண்ணைக்கடை நோட்டு ஞாபகம் வருகிறதா? அவர் விடாமல் போராடினார். கடைசியில் நிறுவனம் பழைய கடனைத் தள்ளி, அவருக்கும் வேறு பலருக்கும் ராயல்டி கொடுத்தது. 1988-இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் உருவானதும் அந்தப் போராட்டத்தில்தான்.

இங்கிலாந்துப் பையன்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1962-இல் லண்டனில் ஒரு குழு மட்டி வாட்டர்ஸின் 1950-ஆம் வருஷத்துப் பாட்டின் பெயரை எடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ் என்று வைத்துக்கொண்டது. 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டபோது, சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சொந்த நாட்டு மக்கள் பலர் அந்த ஆறடி மூன்றங்குல மனிதரை அன்றுதான் முதலில் பார்த்தார்கள். எல்லோரும் இவ்வளவு மரியாதையாக இருக்கவில்லை. லெட் ஸெப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் பாட்டு ஒன்றில் தன் வரிகள் இருப்பதாக வில்லி டிக்சன் 1985-இல் வழக்குப் போட்டார், 1987-இல் சமரசம் ஆனது. அவர் தொடங்கிய ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளை இன்றைக்கு இருப்பது சிகாகோவில் பழைய செஸ் ஸ்டுடியோ கட்டிடத்தில்.

எங்கிருந்து கேட்பது?

பெஸ்ஸி ஸ்மித்தைச் சொல்லிவிட்டேன். அடுத்து பி.பி. கிங்கின் "தி த்ரில் இஸ் கான்". 1969 கடைசியில் வந்தது. 12 பார்தான், ஆனால் சாதாரண காந்தாரத்தில் உட்கார்ந்துவிட்ட சோகம், பின்னால் வயலின்கள். அவர் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒருவரே இரண்டு பேராக மாறி மாறிப் பேசுவார். இரண்டாவது ஆளுக்கு லூசில் என்று பெயர். 1949-இல் ஆர்கன்ஸாவில் ஒரு நடனக் கொட்டகையில், ஒரு பெண்ணுக்காக இருவர் சண்டையிட்டு மண்ணெண்ணெய்க் கணப்பைத் தட்டிவிட, கொட்டகை பற்றி எரிந்தது. வெளியே ஓடிவந்த கிங், கிட்டாரை எடுக்க நெருப்புக்குள் திரும்ப ஓடினார். அந்தப் பெண்ணின் பெயர் லூசில். இனிமேல் இப்படி முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்கே ஞாபகப்படுத்தக் கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்வார். அடுத்தடுத்து வந்த கிட்டார்களுக்கும் அதே பெயர்தான்.

கேட்கும்போது விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு வாரத்தில் எண்ண வேண்டியிருக்காது, ப வரப்போகிறது என்பது உடம்புக்கே தெரியும். அதுக்கு அப்புறம் ஜான் லீ ஹூக்கருக்குப் போங்கள். டெட்ராய்ட் நகரத்தில் கார் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர். 1948-இல் பதிவான "பூகி சில்லன்" பாட்டில் ஒரு குரல், ஒரு கிட்டார், பலகையில் தட்டும் ஷூ, அவ்வளவுதான். ஒரே கார்ட். வீட்டை விட்டு அவர் நகரவே இல்லை. மற்ற பாட்டுகளிலும் கார்டை எப்போது மாற்றத் தோன்றுகிறதோ அப்போது மாற்றுவார், பதினொன்றரை பாரில் மாறினாலும் மாறும். கூட வாசித்தவர்கள் அவர் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவரைக் கேட்கும்போது மட்டும் எண்ணாதீர்கள்.